துணிக்கடையில் நிற்கிற வேலை, இரண்டு மாதத்தில் இரண்டாவது தடவை நீர்க்கடுப்பு. தண்ணீர் குடித்தால் மட்டும் போதுமா?

கேட்டவர்: சேலைப்பிரிவு

வணக்கம். சேலம் கடைவீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். வயது 29, ஒரு பையன் இருக்கிறான். ஏப்ரலில் ஒரு தடவை நீர்க்கடுப்பு வந்தது, இப்போது ஜூனில் மறுபடியும். போகும்போது எரிகிறது, போய் வந்த ஐந்தாவது நிமிடமே திரும்பப் போகவேண்டும் போல இருக்கிறது, போனால் நாலு சொட்டுதான். அடிவயிறு கனமாக வலிக்கிறது. காய்ச்சல் இல்லை.

முதல் தடவை அம்மா, சூடு பிடித்திருக்கிறது என்று இரண்டு கால் பெருவிரலிலும் சுண்ணாம்பு தடவிவிட்டார், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். அப்புறம் மருந்துக்கடையில் ஒரு சிரப்பும் நாலு மாத்திரையும் வாங்கினேன். இரண்டு மாத்திரையிலேயே சரியாகிவிட்டது, மீதியைப் போடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் தண்ணீரே குடிப்பதில்லை. கவுன்டருக்குக் கீழே ஒரு லிட்டர் பாட்டில் வைத்திருப்பேன், ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்பும்போது பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். எங்களுக்கான கழிவறை மூன்றாவது மாடியில் ஒன்றுதான், கூட்ட நேரத்தில் கவுன்டரை விட்டுப் போனால் சூப்பர்வைசர் முகம் கொடுக்கமாட்டார், அதனால் குடிக்காமலே பழகிவிட்டேன். இனிமேல் நிறையக் குடித்தால் தானாகச் சரியாகிவிடுமா, இல்லை டாக்டரைப் பார்க்கவேண்டுமா?

பதில் 1: லேப் அண்ணன்

தங்கச்சி, பதினான்கு வருடமாக யூரின் டெஸ்ட் பார்க்கிறவன் சொல்கிறேன். நீங்கள் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, அடர் மஞ்சளாக, அதுவே கொஞ்சம் எரியும். வெயிலில் அலைந்தவர்களுக்கு வருவது பெரும்பாலும் அதுதான், நீரும் மோரும் இளநீரும் குடித்து அரைநாள் இருந்தால் நிறம் வெளுத்து எரிச்சலும் போய்விடும். உங்களுக்கு வந்திருப்பது அப்படித் தெரியவில்லை. சொட்டுச்சொட்டாக, அடிக்கடி, அடிவயிற்று வலியோடு, அதுவும் திரும்பி வந்திருக்கிறது என்றால் கிருமித்தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் ஈ.கோலை என்கிற குடல் கிருமிதான். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் 4 சென்டிமீட்டர் அளவுதான், அதனால் வெளியிலிருந்து சிறுநீர்ப்பைக்குள் ஏறுவது அதற்குச் சுலபம்.

தண்ணீரின் வேலை என்னவென்றால், அடிக்கடி போகவைத்து, ஏறிவருகிற கிருமியைப் பெருகுவதற்கு முன் கழுவித் தள்ளுவது. நீங்கள் காலை பத்து மணியிலிருந்து ராத்திரிவரை அடக்கி வைத்திருந்தால், அதற்குப் பெருக நாள் முழுக்க நேரம் கொடுக்கிறீர்கள். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உங்கள் விஷயத்துக்கு அப்படியே பொருந்தும். தினம் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற, அடிக்கடி தொற்று வருகிற 140 பெண்களில் பாதிப்பேரை இன்னும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை வந்தது, பழையபடி குடித்தவர்களுக்கு 3.2 தடவை.

ஆனால் இது வராமல் தடுக்கிற கணக்கு. ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட கிருமிக்குத் தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள். அம்மா தடவிய சுண்ணாம்பும் அதைத் தொடாது. நிறுத்திய அந்த இரண்டு மாத்திரையும் முக்கியம், எரிச்சல் போனதும் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மறுபடி தலையெடுக்கலாம், அடுத்த தடவை அந்த மருந்து கேட்காமலும் போகலாம்.

பெரியாஸ்பத்திரியோ உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, நாளைக்கே போங்கள். மாத்திரை போடும் முன்பே யூரின் கொடுத்துவிடுங்கள், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட் வர இரண்டு நாள் ஆகும். வீட்டிலிருந்து டானிக் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதில் எங்களால் ஒன்றும் சொல்லமுடியாது. அங்கே தருகிற மூடிபோட்ட டப்பாவில், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள், உடனே கொடுத்துவிடுங்கள். சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குளிர்க்காய்ச்சல், விலாப் பக்கம் முதுகுவலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே போகவேண்டும், கிருமி கிட்னிவரை ஏறியிருக்கலாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

பதில் 2: ஏற்காடு மலர்

கண்ணு, நான் மேலே ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போகிறவள். வெயில் காலத்தில்தான் இது வரும் என்று நினைக்காதே, எங்களுக்குக் கார்த்திகை மார்கழியில்தான் வரும். பனி இறங்கி விரல் விறைக்கும், தாகமே எடுக்காது, காலையில் குடித்த கடுங்காப்பியோடு மத்தியானம் வரை தண்ணீர் இல்லாமல் பறிப்போம். தாகம் வந்தால்தான் குடிக்கவேண்டும் என்றிருந்தால் குளிரில் குடிக்கவே மாட்டோம். கடுப்பு இருக்கும்போது காப்பி டீயையும் குறைத்துக்கொள், எனக்கு அது எரிச்சலைக் கிளப்பும்.

எங்களுக்கும் கஷ்டம் கழிவறைதான், தண்ணீர் அல்ல. ஒருத்தி தனியாகப் போகப் பயந்து எல்லோரும் அடக்கிக்கொண்டிருந்தோம். போன பறிப்பில் ஆறு பேர் பேசிவைத்து, இருவர் இருவராகப் போனோம், கூடையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள், மேஸ்திரியிடம் ஒருத்தி போய்ச் சொல்லாமல் ஆறு பேரும் சேர்ந்து சொன்னோம். கடையில் உன்னைப் போல எத்தனை பேர் குடிக்காமல் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பார். கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் நம் மாநிலத்தில் சட்டமே வந்தது, அந்த மாதிரிதான் இதையும் வாய்விட்டுக் கேட்கவேண்டும். வெட்கப்பட்டால் உடம்புதான் கெடும்.

பதில் 3: வெள்ளிக் கொலுசு

பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பற்றவைக்கும்போது தீ ஆடும் என்று ஃபேன் போடமாட்டோம், வேர்வையில் போகிற தண்ணீரைத் திருப்பி ஊற்றாமல் விட்டதில் எனக்கு 5 மில்லிமீட்டர் சிறுநீரகக் கல். எரிச்சலோடு விலாவிலிருந்து தொடைவரை வலி இழுத்தால் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். டாக்டர் எனக்குச் சொன்னது, எவ்வளவு குடிக்கிறாய் என்பதைவிட ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் வெளியே போகிறதா என்று பார் என்றுதான். ஒரே மூச்சில் குடிக்காமல் மணிக்கொரு டம்ளர். இதய நோய், கிட்னி நோய் இருக்கிறவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவுதான். ஆண்களுக்கு இந்தக் கடுப்பு வந்தால் முதல் தடவையே காட்டிவிடுவது நல்லது.

சேலைப்பிரிவு (எட்டு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. கல்ச்சரில் ஈ.கோலைதான் வந்தது, ஐந்து நாள் மாத்திரை, இந்தத் தடவை கடைசி மாத்திரைவரை போட்டேன். சர்க்கரை இல்லை. மலர் அக்கா சொன்னபடி கேட்டுப் பார்த்தேன், எங்கள் மாடியில் ஏழு பேரில் நாலு பேருக்கு இதே தொந்தரவு, யாரும் வெளியே சொன்னதில்லை. நாங்கள் சேர்ந்து போய்ச் சொன்னதும் சூப்பர்வைசர் முதலில் எதுவும் பேசவில்லை, மறுநாள் பதினொன்றுக்கும் நாலுக்கும் ஆள் மாற்றிவிட ஒத்துக்கொண்டார். இப்போது பாட்டிலை இரண்டு தடவை நிரப்புகிறேன்.

இன்னொன்று கேட்கவேண்டும். நேற்றுப் பையனுடைய ஸ்கூல் பையைத் திறந்தேன், அவன் பாட்டிலும் நிறைத்துக் கொடுத்தபடியே திரும்பி வந்திருக்கிறது. ஏன்டா என்றால், பாத்ரூம் நாறுகிறது அம்மா என்கிறான். இரண்டாம் வகுப்பு. மிஸ்ஸிடம் இதை எப்படிப் பேசுவது, யாராவது பேசியிருக்கிறீர்களா?