புதுப்பிப்பு: யூனியன் தீவுப் பல்லி

கரீபியனில் செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்த யூனியன் தீவில் மட்டும் வாழும் குட்டிப் பல்லியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "நம் வீட்டுப் பல்லி போல சுவர் ஏறுமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

ஏறாது என்றே சொல்லலாம். இது சேர்ந்த கொனாட்டோடெஸ் பேரினப் பல்லிகளுக்கு விரலடியில் ஒட்டும் பட்டைகள் கிடையாது. இது வாழ்வது தீவின் சாத்தம் (Chatham) விரிகுடாவுக்கு மேலுள்ள பழைய காட்டுச் சரிவில், கற்களுக்கும் மக்கிய மரக்கட்டைகளுக்கும் அடியில். உடல் சுமார் 3 செ.மீ.தான் என்பதால் ஈரம் சீக்கிரம் வற்றிவிடும். அந்தக் காடோ வறண்ட காடு. ஆகவே கல்லுக்கு அடியில் இருக்கும் ஈரம்தான் இதற்கு உயிர்.

விற்பதற்காக இதைக் கள்ளத்தனமாகப் பிடிப்பவர்களால் வரும் பாதிப்பை இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும். உடலில் உள்ள கண் போன்ற புள்ளிகளுக்காக ஆசைப்பட்டு, கல்லைப் புரட்டி, கட்டையைப் பிளந்துவிட்டுப் போகிறார்கள். பிடிபடாமல் தப்பிய பல்லிக்கும் வீடு போச்சு! 2005-இல்தான் அறிவியல் இதற்குப் பெயரே வைத்தது. விற்பனைக்காரர்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். 2019-இல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்ந்ததால் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை. உள்ளூர்க் காவலர்களின் ரோந்தும் சேர்ந்தது. 2018-இல் சுமார் 10,000 பல்லிகள் என்றிருந்த மதிப்பீடு 2022-இல் 18,000 ஆனது. தடையைவிட ரோந்துக்கே அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

அப்புறம், 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் தீவையே புரட்டிப்போட்டது. மர நிழல் போனால் தரை காயும். இனி கவனிக்க வேண்டியது அதைத்தான்.