டோடெக்கேனில் பிஎம்எம்ஏ துகளுக்கு மின்னூட்டம்: மழைக்காலத்தில் அளவு நிலைக்கவில்லை

காரைக்குடி_கூழ்மம்:
வணக்கம். பிஎச்எஸ்ஏ (துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பாலிமர்) போர்த்திய பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) துகள், விட்டம் 1 மைக்ரான். கரைப்பான் டோடெக்கேன் என்ற ஹைட்ரோகார்பன் எண்ணெய், அதில் 10 மில்லிமோலார் ஏஓடி (சோப்பு போன்ற ஒரு சோடியம் உப்பு). சித்திரையில் ஸீட்டா (மின்புலத்தில் துகள் நகரும் வேகத்தை ஒளிச்சிதறலால் அளந்து கணக்கிடும் பரப்பு மின்னழுத்தம்) −50 மில்லிவோல்ட்டில் நின்றது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அதே செய்முறைக்கு நாளுக்கு ஓர் எண் வருகிறது. ஏஓடி சேர்க்காவிட்டால் துகள் அசையவே இல்லை. அயனி பிரியாத எண்ணெயில் மின்னூட்டம் எப்படித்தான் ஏறுகிறது? எதைச் சரிபார்க்க வேண்டும்?

செக்காலை_வேதி:
ஊறுகாய் ஜாடியில் மேலே நிற்கும் நல்லெண்ணெயில் உப்பு இறங்காது. இங்கேயும் அதே காரணம்தான். இரண்டு எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விட்டு விலக எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை பியெரம் நீளம் சொல்லும். தண்ணீரில் அது 0.7 நானோமீட்டர். டோடெக்கேனில் ஒப்புமை விடுதிறன் 2 என்பதால் 28 நானோமீட்டர். வெறும் சோடியம் அயனியால் அவ்வளவு தூரம் விலக முடியாது.

ஏஓடி மூலக்கூறுகள் தலை உள்ளேயும் வால் எண்ணெய்ப் பக்கமுமாகச் சின்ன உருண்டையாக, அதாவது தலைகீழ் மிசெல்லாகத் திரண்டு, அயனியைத் தன் நடுவில் பொதிந்துகொள்கிறது. அப்படியும் லட்சத்தில் ஒரு மிசெல் அளவில்தான் மின்னூட்டம் தாங்கி நிற்கும். துகளின் பரப்பில் ஏஓடியின் எதிர்மின் அயனி தங்கி, சோடியம் மிசெல்லோடு போய்விட்டால் துகள் எதிர்க்குறி பெறும். உங்களுக்கு வருவதும் அதுதான். ஏஓடிக்குப் பதிலாகச் சிர்கோனியம் ஆக்டோயேட் என்ற உலோகச் சோப்பு போட்டால் இதே பிஎம்எம்ஏ நேர்க்குறிக்கு மாறிவிடும். ஆகவே குறி துகளின் பிறவிக் குணம் என்று எழுதிவிடாதீர்கள்.

−50 மில்லிவோல்ட் என்பது உங்கள் துகளுக்குச் சுமார் 36 எலக்ட்ரான் மின்னூட்டம். ஒரு மைக்ரான் துகளில் வெறும் 36! அதனால்தான் சின்ன அசுத்தமும் எண்ணைப் புரட்டிப் போடுகிறது.

கோட்டையூர்_லேப்:
முதல் சந்தேகம் ஈரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லிக்கு 10 மில்லிமோலார் என்றால் ஏஓடி 0.445 கிராம். அந்தப் பொடி 4 சதவீதம் ஈரம் இழுத்திருந்தால் 18 மில்லிகிராம் தண்ணீர் உள்ளே போகிறது. அரைச்சொட்டுகூட இல்லை, ஆனால் ஏஓடி மூலக்கூறு ஒன்றுக்குத் தண்ணீர் மூலக்கூறு ஒன்று என்று ஆகிவிட்டது. மிசெல்லின் நடு பருக்கும், கடத்துதிறன் ஏறும், பரப்பில் நடக்கும் போட்டியும் மாறும். மூடி திறந்த டப்பாவில் ஏஓடி விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அதை எடைபோடவே வேண்டாம்.

ஏஓடியை மெத்தனாலில் கரைத்து, கிளர்வூட்டிய கரியோடு கலக்கி, வடிகட்டி, ஆவியாக்குங்கள். பிறகு வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில் ஒரு நாள் வையுங்கள். தண்ணீரை உறிஞ்சும் 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடைக் குருணையை 300 டிகிரியில் சுட்டு, அதில் டோடெக்கேனை மட்டும் உலர்த்துங்கள். ஏஓடி சேர்த்த பிறகு குருணை போட்டால் அதன் தூள் உதிர்ந்து ஒளிச்சிதறலைக் கெடுக்கும். உலர்ந்த கரைப்பானை 0.2 மைக்ரான் டெஃப்லான் வடியில் வடித்துவிடுங்கள். துகளையும் நான்கைந்து தடவை சென்ட்ரிஃப்யூஜ் செய்து புது டோடெக்கேனில் கலக்க வேண்டும். மிதக்கும் பிஎச்எஸ்ஏ மிஞ்சினால் அதுவும் ஏஓடியோடு இடத்துக்குப் போட்டியிடும்.

காரைக்குடி_கூழ்மம்:
நன்றி. கடத்துதிறன் மீட்டர் எப்போதும் சுழியம்தான் காட்டுகிறது. அது பழுதா?

செக்காலை_வேதி:
பழுதில்லை. சாதாரண மீட்டர் மைக்ரோசீமன்ஸில் பார்க்கும். இங்கே இருப்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான பிக்கோசீமன்ஸ். எண்ணெய்க்கென்று வரும் மீட்டர் வேண்டும். அதில் 10 பிக்கோசீமன்ஸ்/செ.மீ. வந்தால் டிபை நீளம் (துகளைச் சுற்றி எதிர் மின்னூட்டம் பரவி நிற்கும் தூரம்) சுமார் 1.3 மைக்ரான், அதாவது உங்கள் துகளின் ஆரத்தைவிடப் பெரிது. அப்படியானால் நகரும் வேகத்திலிருந்து ஸீட்டாவைக் கணக்கிட ஹியூக்கல் வாய்பாடுதான் சரி. மென்பொருளில் டிபை நீளம் சிறிதாக இருக்கும்போது பயன்படும் ஸ்மொலுகோவ்ஸ்கி வாய்பாடு தேர்வாகியிருந்தால் ஸீட்டா மூன்றில் ஒரு பங்கு குறைந்து தெரியும். சித்திரையில் எது இருந்தது என்றும் பாருங்கள்.

தேவகோட்டை_ஒளிச்சிதறல்:
ஈரத்தை மட்டும் குற்றம் சொன்னால் போதாது, மின்புலத்தையும் கவனியுங்கள். 10 கிலோவோல்ட்/மீட்டரில் உங்கள் துகள் நொடிக்கு 4 மைக்ரான் சுற்றுவட்டாரத்தில்தான் நகரும். ஓட்டம் போதவில்லை என்று வோல்ட்டை ஏற்றினால் மின்னூட்ட மிசெல்கள் மின்முனைப் பக்கம் ஒதுங்கிவிடும், எண்ணும் மாறிவிடும். ஒரே மாதிரியை நான்கு மின்புலங்களில் அளந்து, சுழிய மின்புலத்துக்கு நீட்டிப் படியுங்கள். ஏஓடி சேர்த்து 24 மணி நேரம் கழித்து அளக்கவும். பாலிஸ்டைரீன் குவெட் வேண்டாம், கண்ணாடிதான். துகள் போடாத ஏஓடி கரைசலையும் ஒருமுறை ஓட்டுங்கள். அதில் சைகை வந்தால் கோளாறு துகளில் இல்லை, வடிகட்டியதில்தான் இருக்கிறது.