நம்ம குடும்பம் குழு: ஆத்துல பார்த்த பறவைங்க

அபி, காலை 10:12
(படம்)
சித்தப்பா, இது பாம்பா பறவையா? தண்ணிக்கு மேல கழுத்து மட்டும்தான் தெரிஞ்சுது. படகுல எல்லாரும் பதறிட்டோம்

பெரியம்மா, 10:13
ஐயோ

சித்தப்பா, 10:20
பாம்புத்தாரா. உடம்பை தண்ணிக்குள்ள வச்சுட்டு கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும், பேரே அதனாலதான். அலகைப் பாரு, ஊசி மாதிரி நேரா இருக்கு. மீனைக் குத்தித்தான் எடுக்கும்

கார்த்தி, 10:22
பட்டமரத்துல இறக்கையை விரிச்சுட்டு ஒண்ணு நின்னுச்சே, அதுவும் இதேவா?

சித்தப்பா, 10:25
அலகு நுனி கொக்கியா வளைஞ்சிருந்தா நீர்க்காகம். ரெண்டுமே அப்படித்தான் காய வைக்கும். வாத்து இறகுல தண்ணி ஒட்டாது, இதுங்களுக்கு வெளியிறகு நனையும். காத்து தங்காததால சுலபமா முங்குதுங்க

கார்த்தி, 10:27
வாத்தைத்தான் சரியா பாக்க முடியல. கிட்ட போறதுக்குள்ள மொத்தக் கூட்டமும் எழும்பிடுச்சு

சித்தப்பா, 10:27
மோட்டாரை எப்ப நிறுத்தினீங்க?

கார்த்தி, 10:28
நிறுத்தவே இல்லையே

சித்தப்பா, 10:36
அதான் விஷயம். ஓரமா மேலாத்துக்குப் போயிட்டு மோட்டாரை நிறுத்திடணும். ஆத்துப் போக்குலயே மிதந்து வாங்க. துடுப்பு திசை திருப்ப மட்டும். யாரும் எழுந்து நிக்கக் கூடாது, நிக்கற மனுஷனைப் பார்த்தாதான் அதுங்களுக்கு பயம். நேரா வாத்தைப் பார்த்துப் படகை விடாம கொஞ்சம் விலகினாப்ல வாங்க. மேஞ்சுட்டு இருக்கறது எல்லாம் ஒரே நேரத்துல தலையைத் தூக்கிச்சுன்னா அதுக்கு மேல போகாதீங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி மேயும். புள்ளிமூக்கு வாத்தா இருந்தா அலகு நுனி மஞ்சள் கூட தெளிவாத் தெரியும்

பெரியம்மா, 10:40
தம்பி, அத்தை பக்கத்துல உக்காந்திருக்காங்க. முதுகுல குஞ்சை ஏத்திட்டு நீந்துமே, அது இருக்குமான்னு கேக்கறாங்க

சித்தப்பா, 10:41
முக்குளிப்பான், அண்ணி. நாணல் ஓரமா இருக்கும். அம்மாவுக்குக் கண்டிப்பா காட்டறேன்

பெரியம்மா, 10:43
அடுத்த ஞாயிறு அத்தையையும் கூட்டிட்டுப் போய் நடு ஆத்து மணல் திட்டுல இறங்கி உக்காரலாம்னு இருக்கோம்

சித்தப்பா, 10:44
அந்தத் திட்டுல மஞ்சள் அலகு, கருப்புத் தலை, வால் பிளந்த பறவை இருந்துச்சா?

அபி, 10:44
ஆமா! தலைக்கு மேலேயே கத்திட்டு சுத்துச்சு. நம்மளைப் பார்க்க வருதுன்னு நினைச்சு நான் கை காட்டினேன்

சித்தப்பா, 10:53
அது ஆத்து ஆலா அபி. முட்டை இருக்கு, கிட்ட வராதேன்னு விரட்டுது. கூடெல்லாம் கட்டாது. மணல்ல சின்னக் குழி, மணல் நிறத்துலயே புள்ளி போட்ட முட்டை. மிதிக்கற வரைக்கும் தெரியாது.
சின்ன வயசுல நானும் இந்த மாதிரி ஒரு திட்டுல இறங்கியிருக்கேன். அரை மணி நேரம் போட்டோ எடுத்தேன். ஆலா மேல சுத்திட்டே இருந்துச்சு. அது மேல உக்காந்து வெயிலை மறைச்சாத்தான் முட்டை பிழைக்கும்னு எனக்கு அப்ப தெரியாது. நான் நகர்ந்ததும் ஒரு காக்கா வந்து ஒரு முட்டையைக் கொத்திட்டுப் போச்சு. அந்தப் போட்டோவை நான் இதுவரைக்கும் யாருக்கும் காட்டினதில்ல

அபி, 10:55
சித்தப்பா 😢

பெரியம்மா, 10:58
சரி, திட்டுல இறங்க வேணாம். படகுலயே இருப்போம். அத்தையும் அதான் சொல்றாங்க

கார்த்தி, 10:59
படகுக்காரர்கிட்ட நான் பேசிடறேன். திட்டை விட்டுத் தள்ளியே போகச் சொல்றேன். பைனாகுலர் வாங்கலாமா சித்தப்பா? 12 மடங்கு?

சித்தப்பா, 11:02
வேணாம், படகு ஆட்டத்துல படம் நிக்காது. என்கிட்ட 8 மடங்கு, 42 மி.மீ. இருக்கு, கொண்டு வரேன். 6 மணிக்கு எல்லாரும் துறைல இருங்க. அம்மாவுக்கும் லைஃப் ஜாக்கெட் வேணும், அளவு பார்த்து எடுத்து வைங்க

அபி, 11:03
பாட்டி என் பக்கத்துலதான் உக்காரணும்