தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் வருவது குருதிக்கட்டியா, குருதித்திரளா?

அனைவருக்கும் வணக்கம். தைராய்டு அறுவை சிகிச்சைக்கான நம் தமிழ்க் கலைச்சொல் அட்டவணையில், ஹெமட்டோமாவுக்கு (குழாயிலிருந்து கசிந்த ரத்தம் உடலுக்குள் ஓரிடத்தில் சேர்வது) ‘குருதித்திரள்’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ஹெமட்டோமாவுக்குக் ‘குருதிக்கட்டி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

மற்ற உறுப்புகளுக்குச் சரி, தைராய்டு என்று வந்தால் உதைக்கிறது. கழுத்தில் கட்டி என்று சொல்லிக்கொண்டுதான் நோயாளி அறுவை சிகிச்சைக்கே வருகிறார். ஒப்புதல் படிவத்தின் தமிழ் வரைவை ஒரு பெண்மணிக்கு வாசித்துக் காட்டினேன். ‘கழுத்தில் குருதிக்கட்டி தோன்றலாம்’ என்ற வரியில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். “கட்டியை எடுக்கத்தானே ஆபரேஷன்? திரும்பவும் கட்டி வருமா?” அவர் கேட்டது நியாயம். கட்டி என்றாலே மெல்ல வளர்வது, மாதக்கணக்கில் இருப்பது என்றுதான் மனம் எண்ணும்.

> ‘ரத்தக்கட்டு’ என்றே வைக்கலாம், எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் என் பயமே. இடித்துக்கொண்ட இடம் கன்றிப்போனால் ரத்தக்கட்டு என்கிறோம். நாலு நாளில் தானாக வடிந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் 100 பேரில் 1 அல்லது 2 பேருக்கு வருகிற இதை அப்படி விட முடியாது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். கழுத்துத் தசைகளுக்கு அடியில் இடம் குறைவு. அங்கே ரத்தம் சேரச் சேர, குரல்வளையிலிருந்து வடிய வேண்டிய சிரை ரத்தமும் நிணநீரும் வழியில்லாமல் தேங்க, குரல்வளை உள்ளுக்குள் வீங்கி மூச்சுவழி குறுகுகிறது. கழுத்து இறுக்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, என்னவோ பதற்றமாக இருக்கிறது என்று நோயாளி சொல்லும் நேரத்தில், விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகவே காட்டலாம். மூச்சு அடைபடும் நிலை என்றால் அறுவை அரங்குக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லை. படுக்கையிலேயே தையலைப் பிரித்து, தசைகளை விலக்கி, ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். இத்தனை அவசரத்தை ‘ரத்தக்கட்டு’ தாங்காது.

ஆகவே என் முன்மொழிவு ‘குருதித்திரள்’. மேகம் திரள்கிறது, கண்ணில் நீர் திரள்கிறது என்கிறோம். கண்ணெதிரே சேர்ந்துகொண்டே போவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘குருதியுறைவு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சேர்ந்த ரத்தம் உறைந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லையே. திரள் வினையாகவும் வரும்: “கழுத்தில் ரத்தம் திரளுது, டாக்டர்” என்று செவிலியர் போனில் சொன்னால் போதும், ஓடி வருவார்கள்.

அப்புறம், ஹீமோஸ்டாசிஸ், அதாவது ரத்தக்கசிவு நிற்பது. வரைவில் உள்ள ‘குருதித்தேக்கம்’ உடனே போக வேண்டும், பொருளே மாறிவிடுகிறது. நம்மிடம் தன்வினையும் பிறவினையும் இருக்கின்றன. காயத்தில் ரத்தம் தானாக நிற்பது ‘குருதி நிற்றல்’, மருத்துவர் நிற்கச் செய்வது ‘குருதி நிறுத்தல்’. மேல் தைராய்டு தமனியை நூலால் கட்டுவது, சிறு குழாய்களை மின்சூட்டால் அடைப்பது, குரல்வளை நரம்பை ஒட்டிய இடத்தில் சூடு படாமல் கிளிப் போடுவது, எல்லாம் நிறுத்தலில் அடங்கும். காயத்தை மூடுமுன் மயக்க மருத்துவர் நுரையீரலில் அழுத்தத்தைச் சில நொடிகள் கூட்டிப் பிடிப்பார், சிரைகள் புடைக்கும். எங்காவது ஒரு சிவப்புப் புள்ளி கசிகிறதா என்று எல்லோர் கண்ணும் அந்தக் குழிக்குள்தான் இருக்கும். தைராய்டு அறுவை சிகிச்சையில் ரத்தப்போக்கே உயிரைக் குடித்த காலத்தில், ஒவ்வொரு குழாயாகப் பொறுமையாகப் பிடித்துக் கட்டி, சாவை 1 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர். 1909இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் கை செய்ததற்கு ‘நிறுத்தல்’தான் பொருந்தும்.

‘குருதி’யா ‘ரத்த’மா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. நோயாளிக் கையேட்டில் ‘கழுத்தில் ரத்தம் திரளுதல்’ என்று விரித்தே எழுதலாம். ‘கட்டி’ மட்டும் வேண்டாம். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள், அட்டவணையை இன்னும் மூடவில்லை.