மானிட்டர் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு: உங்கள் அனுபவம்?

தக்கலையில் வீட்டு முன்னறையில் டிடிபி வேலை பார்க்கிறேன். ஐப்பசி இடிமழையில் என் மானிட்டர் போய்விட்டது. மிச்சம் இருந்தது மகளின் 22 இஞ்ச் மானிட்டர் மட்டும். படத்தை மானிட்டருக்கு அனுப்பும் சாக்கெட் அவள் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ வகை, என் பழைய டெஸ்க்டாப்பில் விஜிஏ வகை. பகலில் அவள், ராத்திரி நான் என்று பேசிக்கொண்டோம்.

மானிட்டரின் பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன் பாருங்கள், அங்கேதான் தப்பு. “எச்டிஎம்ஐ விஜிஏ கன்வெர்ட்டர்” என்றேன், எடுத்துக் கொடுத்தார்கள். மாட்டினால் ‘நோ சிக்னல்’ பெட்டி திரையில் மிதக்கிறது. அது எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்குகிற சாமானாம். எனக்கு வேண்டியது நேர் எதிர். விஜிஏ அனலாக், எச்டிஎம்ஐ டிஜிட்டல். இந்த டப்பாவுக்கு ஒரு திசைதான் தெரியும்.

மகள் கேட்டாள்: “அப்பா, அடியில பாத்தியளா?” போன் டார்ச் அடித்துக் குனிந்தால், எச்டிஎம்ஐக்குப் பக்கத்திலேயே நீல விஜிஏ சாக்கெட், 15 ஓட்டையும் புதுசாக! என் பழைய கேபிளை நேராக அதில் சொருகினேன். எழுத்து கொஞ்சம் மங்கல். மெனுவில் ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ கொடுத்ததும் தெளிந்தது. ஆளை மாற்ற சோர்ஸ் பட்டன். தானாகவே ஆளை மாற்றும் ஆட்டோ சோர்ஸை மட்டும் அணைத்துவிட்டோம். இல்லாவிட்டால், அவள் லேப்டாப் தூங்கினால் உடனே என் கல்யாண அழைப்பிதழ் திரைக்கு வந்துவிடுகிறது.

கீபோர்டும் மவுஸும் இன்னும் இரண்டு செட். மேசையில் காப்பி டம்ளர் வைக்க இடமில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:
அண்ணே, என் பழைய மானிட்டரில் விஜிஏவும், டிவிஐ என்ற இன்னொரு வகை சாக்கெட்டும்தான். லேப்டாப்பை எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிளில் கொடுத்தேன். இரண்டும் டிஜிட்டல் என்பதால் கன்வெர்ட்டரே தேவைப்படவில்லை. ஸ்பீக்கருக்குத் தனி வயர்தான். கீபோர்டு, மவுஸுக்கு யுஎஸ்பி ஸ்விட்ச் ஒன்று வாங்கிப் போடுங்கள், ஒரு செட் போதும்.

குளச்சலிலிருந்து:
எங்களுக்கு உப்புக்காற்றுதான் வில்லன். ஒருநாள் விஜிஏ பக்கம் மாற்றினால் திரை முழுக்க ரோஸ். மானிட்டர் போச்சு என்று வீட்டில் ஒரே புலம்பல். கழற்றிப் பார்த்தால் பிளக்கில் களிம்பு. பச்சை நிறம் வருகிற 2-ம் பின் ஒட்டவே இல்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் சொருகினேன். இப்போது சரி. கேபிளின் இரண்டு பக்கத் திருகையும் முறுக்கிவிடுங்கள். நான் முறுக்காமல்தான் விட்டிருந்தேன்.