எம்16 தண்டில் அஞ்சு நூல் பேட் ஏறுமா?

தாம்வே பட்டறை:
நேத்து ஒருத்தர் இங்கே எழுதினதைப் படிச்சதிலிருந்து மனசு ஆறலை. "பழைய ஜப்பான் பாலிஷ் மிஷினுக்குச் சாமான் கிடைக்கலைன்னு அலைய வேண்டாம், அமெரிக்கன் அஞ்சு நூல் பேட் அப்படியே ஏறும்" என்று எழுதியிருக்கார். ஏறாது. என்கிட்ட இருக்கிறது ஜப்பானிலேயே விற்ற 7 இஞ்ச் மிஷின். பாலிஷ் தேய்க்கிற வட்டு, அதாவது பேட், மாட்டுற தண்டு எம்16, அதாவது 16 மில்லிமீட்டர் கனம், மரைக்கு மரை 2 மில்லிமீட்டர். அஞ்சு நூல் என்பது இஞ்சுல எட்டுல அஞ்சு பங்கு, 15.875 மில்லிமீட்டர், இஞ்சுக்கு 11 மரை. கணக்குப் போட்டா மரைக்கு மரை 2.309 வருது. இது எப்படி அதுல போய் உட்காரும்?

மௌல்மீன்காரன்:
எழுதினது நான்தான் அண்ணே, பேரைச் சொல்லியே கேட்கலாம். 15.875க்கும் 16க்கும் ரெண்டு தலைமுடி கனம்தான் வித்தியாசம். ஏறுச்சு, அதனால எழுதினேன். ஆறு மாசமா அந்த பேட்லதான் வேலை ஓடுது.

தாம்வே பட்டறை:
எத்தனை சுத்து ஏறுச்சு?

மௌல்மீன்காரன்:
ஏறுச்சு.

தாம்வே பட்டறை:
தம்பி, கனத்தை விடுங்க. நான் கேட்கிறது மரை இடைவெளி. வெர்னியர் அளவுகோலை வெச்சு ஆறு மரையை அளந்து பாருங்க. எம்16ல சரியா 12 வரும். அஞ்சு நூல்ல 13.85 வரும். முதல் ரெண்டு சுத்து விட்டுக்கொடுக்கும், மூணாவதுல இறுகும். அந்த இறுக்கத்தைத்தான் "நல்லா உட்கார்ந்துடுச்சு"ன்னு நீங்க நினைக்கிறீங்க. போன மழைக்காலத்துல என் பட்டறையிலேயே ஒரு பையன் அப்படித்தான் நினைச்சான். ஸ்பேனர் போட்டு முறுக்கியும் விட்டான். வேகத்தைக் கூட்டினதும் பேட் கழண்டு பறந்து, ஒரு புரோபாக்ஸ் கார் கதவுல பட்டுத் திரும்பி அவன் மணிக்கட்டுல அடிச்சுது. வீக்கம் வடிய மூணு வாரம். கதவுக்குப் பெயிண்ட் செலவு என்னோடது. இதுக்காகத்தான் இவ்வளவு சொல்றேன்.

தாட்டோன் தம்பி:
எனக்கு ஒரு சந்தேகம். ஜப்பான்ல 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) கரண்ட்டாமே, இங்க பர்மாவுல 50. மரையைவிட அதுதானே பெரிய பிரச்சினை? மிஷின் புகைஞ்சிடாதா?

தாம்வே பட்டறை:
ஜப்பான்லயே கிழக்குல 50, மேற்குல 60. கார்பன் பிரஷ் வெச்ச மோட்டாருக்கு சைக்கிள் ஒரு பொருட்டே இல்லை. பார்க்க வேண்டியது வோல்டேஜ். அங்க 100, இங்க 230. நேரா சொருகினா மோட்டாருக்குள்ள சுத்துற ஆர்மேச்சர் கருகும். 1200 வாட் மிஷின் 100 வோல்ட்ல 12 ஆம்பியர் இழுக்கும், அதனால வோல்டேஜைக் குறைக்க 1500 வாட்டுக்குக் குறைஞ்ச டிரான்ஸ்பார்மர் வேண்டாம். சரி, மரைக்கு வருவோம்.

மௌல்மீன்காரன்:
டிரான்ஸ்பார்மர்னு சொன்னதும் ஞாபகம் வருது. ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க எனக்கு வித்தீங்களே, 1500ன்னு சொல்லி? அரை மணி நேரத்துல கை வைக்க முடியாத சூடு. அதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதுங்க, அப்புறம் மரையைப் பேசலாம்.

தாம்வே பட்டறை:
அது 1500தான். நீங்க அதுல பாலிஷ் மிஷினோட கம்ப்ரஸரையும் சேர்த்துப் போட்டீங்க. உங்க தம்பியே என்கிட்ட சொன்னார்.

மௌல்மீன்காரன்:
என் தம்பியை இதுல இழுக்க வேண்டாம்.

இன்செய்ன் பெரியவர்:
பிள்ளைகளா, முதலில் எந்த அஞ்சு நூல் என்று சொல்லுங்கள். எங்கள் காலத்தில் அஞ்சு நூல் என்றால் வெள்ளைக்காரன் விட்டுப்போன விட்வொர்த் மரை. அதுவும் இஞ்சுக்கு 11 மரைதான், ஆனால் மரைப் பல்லின் கோணம் 55 பாகை. அமெரிக்கன் 60 பாகை. எம்16க்கும் 60. கோணத்தைப் பேசாமல் மரையைப் பேசுவது சரியில்லை.

தாம்வே பட்டறை:
ஐயா சொல்றது உண்மை. ஆனா கோணம் ஒண்ணா இருந்தாலும் இடைவெளி வேற. 2 எங்கே, 2.309 எங்கே. அதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க.

தாட்டோன் தம்பி:
அப்போ எம்14 பேட் வாங்கி, நடுவுல அடாப்டர் போட்டா?

தாம்வே பட்டறை:
போடலாம், நானே போட்டிருக்கேன். உள்ளே எம்16, வெளியே எம்14, பக்கத்து லேத் சயா (மேஸ்திரி) ஒரே மதியத்துல கடைஞ்சு கொடுத்தார். ஆனா உயரம் கூடும். மையம் இம்மி தவறினாலும் பேட் ஆடும், கார் ஓரங்கள்ல பெயிண்ட் எரியும். அதைவிட நல்ல வழி, தேய்ஞ்சுபோன பழைய எம்16 பேட்டைத் தூக்கிப் போடாம வெச்சுக்கிறது. அதோட மரை உள்ள நடு இரும்பை எடுத்துப் புது பிளேட்ல பொருத்தலாம். கார்பனுக்கும் இப்படித்தான், அதே அளவு கிடைக்கலைன்னா கொஞ்சம் பெரிசா வாங்கி உப்புத்தாள்ல தேய்ச்சு, கூட்டுக்குள்ள தடையில்லாம வழுக்கி இறங்குற அளவுக்குக் கொண்டுவாங்க. இறுகி நின்னா பொறி பறக்கும், கார்பன் உரசுற செம்பு வளையம், அதான் கம்யூட்டேட்டர், கறுத்துப் போயிடும்.

மௌல்மீன்காரன்:
ரங்கூன்ல பட்டறை வெச்சா எல்லாம் தெரிஞ்சுடும் போல. நாங்களும் இருபது வருஷமா இந்த வேலைதான் செய்யறோம். பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குப் போற வண்டி எத்தனைக்கு நான் பாலிஷ் போட்டிருக்கேன்னு கேட்டுப் பாருங்க. ஒண்ணுலகூட பேட் பறக்கலை.

தாம்வே பட்டறை:
வேலையைக் குறை சொல்லலை. ஊரையும் சொல்லலை. மரையைச் சொல்றேன்.

இன்செய்ன் பெரியவர்:
கோணத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

தாம்வே பட்டறை:
தம்பி, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. நாளைக்கு அந்த பேட்டைக் கழட்டி உள் மரையை வெளிச்சத்துல பாருங்க. ரெண்டு சுத்துல தண்டு தேய்ச்ச இடம் பளபளன்னு இருக்கும், மிச்ச மரையெல்லாம் தொடாம கறுப்பாவே கிடக்கும். அந்த ரெண்டு சுத்தை நம்பித்தான் ஆறு மாசமா நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்துல ஓட்டறீங்க. படம் எடுத்து இங்கே போடுங்க. பையன்களை அதுவரைக்கும் அந்த மிஷின்கிட்ட விடாதீங்க.

மௌல்மீன்காரன்:
டிரான்ஸ்பார்மரைத் திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லுங்க, படம் போடறேன்.

தாம்வே பட்டறை:
எத்தனை சுத்து ஏறுச்சு?

மௌல்மீன்காரன்:
ஏறுச்சுண்ணே.