கடிகார விடுதியும் 14-ஆம் மாடியும்

அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் தங்குமிடத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் பயணத்தில் நகரின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் முதல் மூன்று இரவுகளுக்கு அங்கே அறை காலியில்லை. சரி என்று பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் பதிவு செய்தேன். பழைய வீடு, ஆறே அறைகள், லிஃப்ட் கிடையாது.

உள்ளே போனதும் அம்மா அப்படியே நின்றுவிட்டார். கூடத்துச் சுவர் முழுக்கப் பெண்டுலக் கடிகாரங்கள். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. பத்து மணி என்றால் எல்லாம் அடித்து ஓய நாலைந்து நிமிடம் ஆகும். எங்களுக்குத் தரைத்தள அறை கிடைத்தது. அதில் குளியல் தொட்டி கட்டிலுக்கு எதிரிலேயே, ஜன்னலோரமாக இருந்தது. வெந்நீருக்குச் சின்ன ஹீட்டர்தான். ஒருவர் குளித்துவிட்டால் அடுத்தவர் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதல் இரவு இருவருக்குமே தூக்கமில்லை.

காலையில் விடுதிக்காரரிடம் சொன்னேன். "அப்படியா" என்றதோடு சரி. அன்று இரவு ஒன்பதரை மணிக்கு ஒவ்வொரு கடிகாரமாகத் திறந்து, பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டே போனார். மறுநாள் காலை அவற்றை ஓடவிட்டபோது அம்மாவும் கூடப் போய் நின்றார். அடுத்த இரவு கீழ் வரிசைக் கடிகாரங்களை நிறுத்தியது அம்மாதான். வீட்டில் யாரும் தொடக்கூட விடாத தாத்தாவின் கடிகாரத்தைப் பற்றி அவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கதையை நானே அன்றுதான் கேட்டேன்.

அப்புறம் ஹோட்டலுக்கு மாறினோம். வசதிக்குக் குறையே இல்லை. எப்போது திறந்தாலும் வெந்நீர், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, அமைதியான அறை. 14-ஆம் மாடி. இரண்டாம் இரவு, மணி இரண்டிருக்கும், தீ எச்சரிக்கை அலறியது. அப்படி அலறும்போது லிஃப்ட்கள் தாமாகக் கீழே இறங்கி நின்றுவிடும். லிஃப்ட் வழியில் புகை ஏறும் என்பதால் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், அது சரியான ஏற்பாடுதான். ஆனால் என் அம்மா 14 மாடியும் படியில் இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, என் தோளைப் பிடித்து எழுந்து, மறுபடி இறங்கினார். கீழே வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. நல்லவேளை, தீ எதுவும் இல்லை. ஊழியர்கள் பட்டியலை வைத்து அறை எண்ணைச் சரிபார்த்தார்கள், அம்மாவுக்கு நாற்காலியும் போர்வையும் தந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பதிவு செய்யும்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தவன், அது நின்றால் அம்மா என்ன செய்வார் என்று யோசிக்கவே இல்லை. தீயணைப்பு வண்டி ஏணிகளும் பல ஊர்களில் 30 மீட்டர் வரைதான் எட்டும். 14-ஆம் மாடி அதற்கும் மேலே. இப்போதெல்லாம் போனிலேயே இரண்டாம் மாடி, மிஞ்சினால் மூன்றாம் மாடி என்று கேட்டு வாங்குகிறேன். ஜன்னல் காட்சிக்காகப் பலரும் உயரத்தைக் கேட்பதால் கீழ் மாடி பெரும்பாலும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது.

அம்மாவோடு இரண்டு மூன்று நாள் தங்குவதென்றால், தரைத்தள அறை இருக்கிற சின்ன விடுதிதான் என் முதல் தேர்வு. நள்ளிரவில் போய் இறங்குவதாக இருந்தால் மட்டும் பெரிய ஹோட்டல். சின்ன விடுதியில் அந்நேரம் கதவைத் திறக்க இருப்பவர் ஒரே ஒருவர்தான், அவரும் தூங்கியிருப்பார்.